கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள

கேள்வி: நாள் வேகமாக ஓடுவதைக் கொரியத் தொடர்களில் விதவிதமாகச் சொல்கிறார்களே, தஞ்சாவூர்ப் பக்கம் அப்படிப்பட்ட பேச்சு வழக்குகள் உண்டா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: நிறையவே உண்டு. அதிகம் புழங்குவது ‘கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள’. கண் சிமிட்டும் நேரத்துக்குள் என்று கொரிய மொழியிலும் சொல்வார்கள். தமிழில் இந்த அளவு மிகப் பழையது. எழுத்தொலிக்கான மாத்திரையைத் தொல்காப்பியம் கண்ணிமைப்பதையும் கைநொடிப்பதையும் வைத்தே வரையறுக்கிறது. ‘நொடியில போயிடுச்சு’ என்பதிலும் இருப்பது அந்தக் கைநொடிதான்.

டெல்டாவில் வருஷத்தை அளப்பது தண்ணீரும் நெல்லும். மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12, மூடுவதற்கு ஜனவரி 28. குறுவை ஏறக்குறைய 110 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். சம்பாவுக்கு அதைவிடக் கூடுதல் நாள் வேண்டும். அதனால் ‘இப்பதான் நட்டோம், அதுக்குள்ள அறுப்பா!’ என்பது குறுவைக்கு மிகப் பொருத்தமான பேச்சு. இதில் வியப்பு முழுவதையும் சுமப்பது ‘அதுக்குள்ள’தான். ‘அதுக்குள்ள பொங்கல் வந்துடுச்சா?’ என்பதும் அப்படியே.

வேலையில் மூழ்கியவருக்கு ‘பொழுது போனதே தெரியல’. வளர்ந்துவிட்ட பிள்ளையைப் பார்க்கும் அத்தைக்கு ‘நேத்துதான் தொட்டில்ல கெடந்த மாதிரி இருக்கு’. எழுத்தில் ‘காலம் உருண்டோடிவிட்டது’ என்பது பொருந்தும்.