பிள்ளை நோயில், பிடிமானம் விசுவாசத்தில்

பிள்ளைக்கு வருத்தம் கடுமையானால், கற்பிட்டி முதல் சிலாபம் வரை கத்தோலிக்கத் தாய்மாரின் நெஞ்சு தலவில புனித அன்னம்மாளிடம் ஓடும். நேர்த்தியும் மருந்தும் கைகோத்துப் போகட்டும்.

• தலவிலவுக்கு நாள் குறிக்குமுன் கிளினிக் கொப்பியைப் பாருங்கள். மார்ச், ஆகஸ்ட் திருவிழாக்களில் சனம் நெரியும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளையைச் சாதாரண நாளில் கூட்டிப்போங்கள்.

• மந்திரித்த எண்ணெயால் நெற்றியில் சிலுவை வரையுங்கள். புண்ணிலும் ஊசி ஏற்றிய இடத்திலும் பூசவேண்டாம்.

• நோயிற்பூசுதல் சாகப்போகிறவர்களுக்கு மட்டுமல்ல. விவரம் தெரிந்த, ஏறத்தாழ 7 வயதான பிள்ளையும் பெறலாம். கொழும்பு சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ மகரகம அபேக்ஷாவுக்கோ புறப்படுமுன் பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.

• “என் பாவத்துக்குத் தண்டனையோ?” என்று உருகாதீர்கள். பிறவிக் குருடன் விடயத்தில் இயேசுவே அதை மறுத்தார் (யோவான் 9).

• “செபிக்கிறோம்” என்பவர்களிடம் ஒருநேரச் சோறு, மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளல், வாட்டில் ஓரிரவுத் துணை என்று கூச்சமின்றிக் கேளுங்கள்.

• மூச்சுத்திணறலா, வலிப்பா? முதலில் 1990 இலவச அம்புலன்ஸ். செபமாலையை வழியில் சொல்லலாம்.