பாதி வழியில் நின்று போகும் கார்: காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

மாணவர்களே, என் மாமா ஒருவர் பசார் மாலாமில் வடை, முறுக்கு விற்பவர். மாவு, எண்ணெய், அடுப்பு எல்லாவற்றையும் சுமந்து செல்வது அவருடைய பழைய கார்தான். 1990களில் வந்த, கார்புரேட்டர் பொருத்திய கார் அது. ஓராண்டு அந்தக் கார் அவரைப் படாத பாடு படுத்தியது. வீட்டிலிருந்து கிளம்பி அரை மணி நேரம் ஆனதும் இயந்திரம் இருமும், பலம் குறையும், நின்றுவிடும். இருபது நிமிடம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் மீண்டும் கிளம்பும். அதற்குள் சந்தையில் நல்ல வியாபார நேரம் போய்விடும்.

மாமா முதலில் பேட்டரியை மாற்றினார். பயனில்லை. அடுத்து ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார். பிறகு பெட்ரோல் பம்பையும் மாற்றினார். பணம் போனதுதான் மிச்சம். கார் நிற்பது நிற்கவில்லை.

அவர் செய்த தவறு என்ன? அறிவியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் உற்றறிதல், ஊகித்தல், கருதுகோள், பரிசோதனை என்ற வரிசையில், முதல் மூன்றையும் தாண்டி நேராகச் செலவுக்குப் போய்விட்டார்.

இயந்திரத்துக்கு என்ன வேண்டும்?

பெட்ரோல் இயந்திரம் ஓட மூன்று வேண்டும்: எரிபொருள், காற்று, தீப்பொறி. 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று தேவை. நான்கு சிலிண்டர் இயந்திரம் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால், அந்த ஒரு நிமிடத்தில் 1,600 முறை தீப்பொறி சரியான நேரத்தில் விழ வேண்டும். மூன்றில் ஒன்று தடைப்பட்டாலும் இயந்திரம் நின்றுவிடும். ஆகவே, ‘கார் நின்றுவிட்டது’ என்ற ஒரே விளைவுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். எந்தக் காரணம் என்பதை விளைவு மட்டும் சொல்லாது. அது எப்போது, எப்படி நிகழ்கிறது என்பதுதான் சொல்லும்.

நோட்டுப் புத்தகம் சொன்னது

கடைசியில் மாமா ஒரு முதிய மெக்கானிக்கிடம் போனார். அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. “தம்பி, இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதி வாங்க. எந்த நாள், எவ்வளவு நேரம் ஓடியது, டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது, நின்றதா இல்லையா, எல்லாம் வேண்டும். நிற்காத நாளையும் எழுதணும்,” என்றார்.

நிற்காத நாளை எதற்கு எழுத வேண்டும்? ஒப்பிடத்தான். கார் நின்ற நாள்களை மட்டும் பார்த்தால், அவற்றில் தனியாக என்ன இருந்தது என்று தெரியாது.

நோட்டில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. திங்களும் வியாழனும் கார் நின்றது. மற்ற நாள்களில் நிற்கவில்லை. அந்த இரண்டு நாளும்தான் மாமா டேங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றுவார். “அப்படியென்றால் பெட்ரோல்தான் கெட்டது!” என்றார் மாமா. மெக்கானிக் அவசரப்படவில்லை. மூன்று கருதுகோள்களை வரிசைப்படுத்தினார்.

1. பெட்ரோலில் தண்ணீர் அல்லது அழுக்கு இருக்கிறது. இது உண்மையானால், வேறு நிலையத்தில் ஊற்றினால் சிக்கல் தீர வேண்டும்.

2. இக்னிஷன் காயில் சூடேறியதும் பழுதாகிறது. 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தித் தீப்பொறி உண்டாக்குவது இந்தக் காயில். பழைய காயில் சூட்டில் செயலிழந்து, ஆறியதும் மீண்டும் வேலை செய்யலாம். இது உண்மையானால், டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தாலும் நிற்க வேண்டும்.

3. டேங்கினுள் காற்று நுழைய வழியில்லை. இது உண்மையானால், டேங்க் நிறைந்திருக்கும்போதுதான் அதிகம் நிற்க வேண்டும்.

மாமா நிலையத்தை மாற்றிப் பார்த்தார். அப்போதும் திங்களும் வியாழனும் கார் நின்றது. முதல் கருதுகோள் விழுந்தது. செவ்வாயும் புதனும் இயந்திரம் அதே அளவு சூடாகியும் நிற்கவில்லை. அதனால் இரண்டாவதும் வலுவிழந்தது. எஞ்சியது மூன்றாவது.

நிறைந்த டேங்கில் என்ன நடக்கிறது?

கெட்டிப்பால் டின்னில் ஒரே ஒரு துளை போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். பால் சற்று வழிந்து நின்றுவிடும். இரண்டாவது துளை போட்டால்தான் காற்று உள்ளே போய், பால் தடையின்றி வரும். பெட்ரோல் டேங்கும் அப்படித்தான். பெட்ரோல் வெளியேறும்போது அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். பல பழைய கார்களில் டேங்க் மூடியிலுள்ள சிறு வால்வு இதைச் செய்கிறது.

வால்வு இல்லையென்றால்? பாயில் விதியை நினைவுபடுத்துங்கள்: வெப்பநிலை மாறாதபோது, வாயுவின் அழுத்தமும் கனஅளவும் எதிர்விகிதத்தில் மாறும். 40 லிட்டர் டேங்கில் 36 லிட்டர் பெட்ரோல் இருந்தால் காற்றுக்கு 4 லிட்டர் இடம். 2 லிட்டர் பெட்ரோல் செலவானதும் அந்த இடம் 6 லிட்டர் ஆகும். காற்றின் அழுத்தம் மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். பாதி டேங்கில் அந்த இடம் 20லிருந்து 22 லிட்டர் ஆகும். அழுத்தம் சுமார் 9 விழுக்காடுதான் குறையும். பெட்ரோல் ஆவியும் சேர்ந்து நிரப்புவதால் உண்மையான குறைவு இவற்றைவிடச் சிறியது. ஆனாலும் நிறைந்த டேங்கில்தான் அழுத்தம் வேகமாக விழும் என்பது மாறாது.

அழுத்தம் குறைந்தால் பம்புக்குப் பெட்ரோலை இழுப்பது கடினமாகும். குறைந்த அழுத்தத்தில் பெட்ரோல் எளிதில் ஆவியாகும் என்பதால், சூடான குழாயில் குமிழ்களும் தோன்றலாம். எரிபொருள் போதாமல் இயந்திரம் இருமி நின்றுவிடும். காத்திருந்தால், சிறு இடுக்குகள் வழியே மெல்லக் காற்று கசிந்து உள்ளே போகும். கார் மீண்டும் கிளம்பும்.

தீர்ப்புச் சொன்ன பரிசோதனை

அடுத்த வியாழன் கார் நின்றதும், மாமா சாலையோரம் ஒதுங்கி, சாவியை அணைத்து, காத்திருக்காமல் உடனே டேங்க் மூடியைத் திறந்தார். ‘புஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தது. மூடியை மறுபடி பூட்டிவிட்டுச் சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பியது!

மெக்கானிக் அதோடு விடவில்லை. வால்வு உள்ள மூடியை மாட்டி, டேங்க் நிறைய ஊற்றி, அதே சாலையில் அவரே உடன் வந்தார். கார் நிற்கவில்லை. பிறகு பழைய மூடியை மாட்டி இன்னொரு முறை ஓட்டினார்கள். நின்றது. இங்கே மூடி தற்சார்பு மாறி. கார் நின்றதா இல்லையா என்பது சார்பு மாறி. பெட்ரோலின் அளவு, சாலை, வேகம் ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். ஒன்றை மட்டும் மாற்றியதால்தான் காரணம் ஐயமின்றித் தெரிந்தது.

“இந்தச் சிக்கல் தொடங்கும் முன் காரில் எதையாவது மாற்றினீங்களா?” என்று மெக்கானிக் கேட்டார். அப்போதுதான் மாமாவுக்கு நினைவு வந்தது. பழைய மூடி தொலைந்துபோய், அளவு பொருந்திய வேறொன்றை வாங்கி மாட்டியிருந்தார். அதில் வால்வு இல்லை. அவ்வளவு செலவுக்கும் அலைச்சலுக்கும் காரணம் ஒரு மூடி!

எச்சரிக்கை: பெட்ரோல் ஆவி எளிதில் தீப்பற்றும். இத்தகைய சோதனைகளை நீங்களாகச் செய்யாதீர்கள்; பெரியவர்களிடமும் மெக்கானிக்கிடமும் விடுங்கள். உங்கள் பங்கு, நோட்டில் கவனமாக எழுதுவது.

சிந்தித்துப் பாருங்கள்

1. பேட்டரி, பிளக், பம்ப் மூன்றையும் மாமா ஒரே நாளில் மாற்றி, அதன்பின் கார் சரியாகியிருந்தால், எது காரணம் என்று அவரால் சொல்ல முடியுமா?

2. பழைய மூடியை மீண்டும் மாட்டிப் பார்த்தது ஏன் தேவைப்பட்டது?

3. உங்கள் வீட்டில் அடிக்கடி பழுதாகும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு வாரத்துக்கு எவற்றை எழுதி வைப்பீர்கள்?