கணைக்காலும் குதிகாலும்: ஓர் இளம் தோல் மருத்துவருக்குக் கடிதம்

அன்புள்ள டாக்டர் தம்பிக்கு,

நீண்ட விமானப் பயணத்தில் சருமத்தைக் காப்பது பற்றி மாத இதழில் நீங்கள் எழுதியிருந்த கட்டுரையை நேற்றிரவு படித்தேன். காலையில் இன்னொரு முறை படித்தேன். தோல் மருத்துவம் படித்த இருவருக்கு நடுவே அடிப்படைப் பாடம் வேண்டாம், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் பத்தி அபாரம். 35,000 அடிக்கு மேலே வெளிக்காற்று மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே உறைந்து கிடக்கிறது, அதில் நீராவி என்று சொல்ல ஒன்றுமில்லை, அந்தக் காற்றைத்தான் பதப்படுத்தி உள்ளே விடுகிறார்கள், அதனால்தான் கேபினில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்குகிறது என்று படிப்படியாகச் சொல்லிவிட்டீர்கள். உள்ளே இருக்கும் கொஞ்ச ஈரமும் பெரும்பாலும் பயணிகளின் மூச்சிலும் வியர்வையிலும் வந்தது, ஆள் குறைந்த முதல் வகுப்பில் காற்று இன்னும் வறண்டிருக்கும் என்ற வரியைப் படித்ததும் என் மனைவியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். தமிழில் இதை இத்தனை தெளிவாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. இப்படி எழுதத் தெரிந்தவர் என்பதால்தான் மற்ற பத்திகள் மேல் எனக்கு இவ்வளவு வருத்தம்.

மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் சருமம் உள்ளிருந்து ஈரமாகும் என்று எழுதியிருக்கிறீர்கள். அழகுக் குறிப்பு எழுதுகிறவர்கள் எழுதட்டும், எம்.டி. படித்த நீங்கள் எழுதலாமா? தேவைக்கு மிஞ்சிய தண்ணீரைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். தோலின் வெளி அடுக்கில் ரத்தக் குழாயே கிடையாது. செத்த செல்களும் அவற்றின் இடையே நிரம்பிய கொழுப்பும்தான் அங்கே இருக்கின்றன. கீழிருந்து கசிந்து வரும் ஈரத்தை அந்தக் கொழுப்பு பிடித்து வைத்தால் தோல் மிருதுவாக இருக்கும், பிடிக்க முடியாவிட்டால் வறளும். உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் பயண நலக் கையேடும் இதையே சொல்கிறது. கேபின் வறட்சியால் கண்ணும் மூக்கும் வாயும் திறந்த தோலும் சங்கடப்படும், உடம்புக்குள் நீர் வற்றிப்போவதில்லை, வழக்கத்தைவிட அதிகம் குடிக்க வேண்டியதுமில்லை. தாகம் எடுத்தால் குடிக்கட்டும். அதற்கு மேல் ஒரு டம்ளர்கூட நாம் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

இதில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. உங்கள் கட்டுரையை யார் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறீர்கள்? மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா கிளம்பும் அறுபது வயதைத் தாண்டிய அம்மா. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 18 மணி நேரத்துக்கும் மேல் எங்கும் நிற்காமல் பறக்கும் விமானம் இருக்கிறது. அதில் நடு இருக்கையில் முழங்கால் வலியோடு உட்கார்ந்திருப்பவர் உங்கள் சொல்லை நம்பி மணிக்கு ஒரு டம்ளர் குடித்தால், பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பக் கூச்சப்பட்டுச் சிறுநீரை அடக்கிக்கொண்டிருப்பார். இதய நோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் மருந்து சாப்பிடுகிற பலருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று வேறொரு மருத்துவர் அளந்து கொடுத்திருப்பார். அவர்களைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு சொல் இல்லை.

அடுத்தது முகம். தொடக்கத்திலிருந்து முடிவுவரை முகம் மட்டும்தான். ஷீட் மாஸ்க், ஹயலுரானிக் சீரம், அரை மணிக்கு ஒருமுறை மிஸ்ட். அவ்வளவு வறண்ட காற்றில் முகத்தில் தெளித்த நீர் சில நிமிடங்களில் ஆவியாகிவிடும், மேலே எதுவும் பூசாவிட்டால் பலன் ஒன்றுமில்லை. ஹயலுரானிக் அமிலம் தன் எடையைப் போல ஆயிரம் மடங்கு நீரைப் பிடிக்கும் என்பது விற்பனைக்காரர்கள் சொல்வது, அதை நாம் திருப்பிச் சொல்லக் கூடாது. உண்மையில் முகத்துக்கு ஓரளவு பாதுகாப்பு இருக்கிறது, எண்ணெய்ச் சுரப்பிகள் அங்கேதான் அதிகம். கணைக்காலில் அவை மிகக் குறைவு. வயது ஏற ஏற முதலில் வறள்வதும் அந்த இடம்தான்.

என் பேராசிரியர் வார்டுக்குள் வந்தால் முதலில் நோயாளியின் புடவையையோ வேட்டியையோ கொஞ்சம் உயர்த்தச் சொல்லி, கணைக்காலில் நகத்தால் லேசாக ஒரு கோடு போடுவார். வெள்ளைக் கோடு விழுந்தால் எங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பார், ஒன்றும் பேசமாட்டார். அப்புறம் இர்வின் பிளாங்க் 1952இல் வெளியிட்ட ஆராய்ச்சிக்கு வந்துவிடுவார். காய்ந்து விறைத்த காய்ப்புத் தோல் துண்டை எண்ணெயில் ஊறவைத்தாலும் அது விறைப்பாகவே இருந்தது, நீரில் போட்டதும் இளகியது. தோலை இளக்குவது நீர், எண்ணெயின் வேலை அந்த நீரை வெளியே விடாமல் காப்பது. இந்த வரிசையை மாணவன் மாற்றிச் சொன்னால் அவருக்குப் பொறுக்காது. எனக்கும் பொறுக்கவில்லை, தம்பி. எந்த கிரீம் என்று ஒரு பக்கம் எழுதிய நீங்கள், எப்போது பூச வேண்டும் என்று ஒரு வரி எழுதவில்லை. விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன் வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, ஒற்றித் துடைத்து, ஈரம் காயும் முன் கையிலும் காலிலும் பூசிவிட வேண்டும். கொதிக்கக் கொதிக்க வெந்நீரும், நுரை பொங்கச் சோப்பும் அன்று வேண்டவே வேண்டாம். எதைப் பூசுவது என்பது இரண்டாம் கேள்விதான். அதற்கும் என் விடை பெட்ரோலியம் ஜெல்லி. நீர் இழப்பைத் தடுப்பதில் அதற்கு நிகராக ஒன்றை நான் காணவில்லை. சிறிய டப்பா 100 மில்லி விதிக்குள் அடங்கும், மேலே அழுத்தம் குறையும்போது திரவப் பாட்டில் மாதிரி ஒழுகி வைக்காது.

தேங்காயெண்ணெய் கூடாது என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்களே, அது யாருக்குக் கூடாது? பரு வரும் பிள்ளைகளின் முகத்துக்குக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். பாட்டியின் காலுக்கு ஏன் கூடாது? 2004இல் பிலிப்பைன்ஸ் மருத்துவர்கள் வறண்ட சருமத்தில் அதை மினரல் ஆயிலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், இரண்டும் ஒரே அளவு பலன் தந்தன. அந்த அம்மா காலமெல்லாம் கைப்பழக்கமாக வைத்திருப்பதை ஈரத்தின்மேல் தடவச் சொல்லுங்கள், போதும்.

இதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை என் கிளினிக்கில் பார்த்திருக்கிறேன். சென்னைப் புழுக்கத்திலேயே வாழ்ந்த தோல் ஜனவரி மாதத்தில் ஒரே நாளில் விமானத்துக்குள் போய், அங்கிருந்து ஹீட்டர் ஓடும் நியூஜெர்சி வீட்டுக்குள் போகிறது. இரண்டு இடத்திலும் வறண்ட காற்று. முதல் வாரமே கால் அரிக்கத் தொடங்கும். ஊருக்குத் திரும்பி வரும்போது கணைக்கால் முழுதும் கோடையில் வெடித்த ஏரித்தரை மாதிரி சிவந்த கோடுகளோடு இருக்கும். மகளுக்குச் சிரமம் வேண்டாம் என்று அங்கே யாரிடமும் சொல்லியிருக்கமாட்டார்கள். குழந்தையைக் குளிப்பாட்டிய கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், கை தன்போக்கில் காலைச் சொறிந்துகொண்டிருக்கும்.

குதிகாலையும் சேர்த்து எழுதுங்கள். நம் ஊரில் சர்க்கரை நோயும் பித்தவெடிப்பும் சேர்ந்தே வருகின்றன. உணர்ச்சி மங்கிய காலில் வெடிப்பு ஆழமானால் வலி சொல்லாது. பயணத்துக்குச் சில வாரம் முன்பிருந்தே இரவில் யூரியா கிரீம் போடட்டும், திறந்த வெடிப்பில் மட்டும் அது எரியும், அங்கே ஜெல்லி போதும். விமானத்தில் பருத்திக் காலுறை இருக்கட்டும், கழிவறைக்குச் செருப்பில்லாமல் போக வேண்டாம். உட்கார்ந்தே இருந்து வீங்கிய காலை இறுக்கமான ஷூவுக்குள் திணிக்கவும் வேண்டாம். இறுக்கிப் பிடிக்கும் ஸ்டாக்கிங்ஸைக் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

ஜன்னலோரச் சன்ஸ்கிரீன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விமானிகளுக்கும் பணிப்பெண்களுக்கும் மெலனோமா ஏறத்தாழ இரு மடங்கு என்ற 2015 ஆய்வை வைத்துப் பயணிகளைப் பயமுறுத்தியிருக்கிறீர்கள். அது ஆண்டு முழுதும் பறந்து பிழைக்கிறவர்களைப் பற்றியது, காரணமும் இன்னும் தீர்மானமாகவில்லை. வெயில் அடித்தால் ஜன்னல் மறைப்பை இறக்கச் சொல்லுங்கள்.

கட்டுரை புத்தகமாக வரப்போகிறது என்று இதழிலேயே அறிவித்திருக்கிறார்கள். அச்சுக்குப் போகும் முன் தண்ணீர்ப் பத்தியை முழுதாக எடுத்துவிடுங்கள். மிஸ்ட்டுக்குக் கொடுத்த இடத்தைக் கணைக்காலுக்குக் கொடுங்கள். எழுத்தைப் பெரிதாக அச்சிடச் சொல்லுங்கள், அந்த அம்மாக்கள் கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மூத்த சக மருத்துவர்