பயிற்சியாளரை மாற்றினால் போதுமா?

கேள்வி: இந்தியக் கால்பந்து அணியிலிருந்து இகோர் ஸ்டிமாச்சை நீக்கியது நியாயந்தானா, காலித் ஜமீல் சோபிப்பாரா என்று எங்கள் ஊர் இளைஞர்கள் ஓயாமல் வாதிடுகிறார்கள். தங்கள் அபிப்பிராயம் என்ன?
— ஒரு வாசகர், நல்லவாடு

பதில்: 2024 ஜூன் 11 அன்று தோஹாவில், இந்தியா தோற்ற உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டத்தில், எல்லைக்கோட்டைத் தாண்டி உருண்டுவிட்ட பந்தைக் கத்தார் வீரர் ஒருவர் உள்ளே இழுத்துவிட, மற்றொருவர் அதை வலைக்குள் செலுத்தியதையும், நம்மவர் ஆட்சேபித்தும் நடுவர் அதனைக் கோலென்று அங்கீகரித்ததையும் கண்ட எவருக்கும், அந்தத் தோல்விக்குப் பயிற்சியாளரைப் பொறுப்பாளியாக்குவது அநீதியென்றே தோன்றும். ஆயினும் மார்ச்சில் குவாஹாட்டியில், சொந்த மண்ணில், ஆப்கானிஸ்தானத்திடம் 1-2 என்று தோற்றதற்கு நடுவர் காரணமல்லர். ஆதலால் ஜூன் 17 அன்று நிகழ்ந்த நீக்கம் நியாயமே. ஆனால், அதற்கு முந்திய அக்டோபரில்தான் அவருடைய ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டித்த சம்மேளனத்தை யார் விசாரிப்பது? பின்வந்த மனோலோ மார்க்கேஸும் ஓராண்டில் விலகினார்.

அவருக்குப் பின் பொறுப்பேற்றவரும், 2017இல் ஐஸ்வால் என்னும் சிறிய சங்கத்தை ஐ-லீக் சாம்பியனாக்கியவருமான ஜமீலின் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டில் தங்கமும், 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடமும் ஈட்டித்தந்த அன்றைய பயிற்சியாளர் ஹைதராபாத் ரஹீமுக்கு, 1950 முதல் 1963 வரை நீண்ட அவகாசம் கிடைத்தது. அத்தகைய அவகாசத்தை ஜமீலுக்கும் அளிக்குமாறு உங்கள் இளைஞர்கள் வாதிடட்டும்.