தொலைநோக்கி வாங்கும் முன்

அன்புத் தங்கைக்கு,

மார்கழி வானில் எதைப் பார்க்கலாம், எந்தத் தொலைநோக்கி வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். இந்த மாதத்துக்கு வண்டலூர் மொட்டைமாடியும் ஒரு நோட்டும் போதும். பார்க்க நிறைய இருக்கிறது; ஆனால் ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொள் என்பேன்.

வடக்கை விட்டுவிடு. தாம்பரத்தில் தொடங்கும் சென்னை வெளிச்சம் அங்கே எதையும் மிச்சம் வைக்காது. மாதத் தொடக்கத்தில் இரவு பதினோரு மணிவாக்கில் ரோகிணி உச்சியில் சிவந்து நிற்கும். அதற்குக் கிழக்கே மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் தெரியும். அவற்றுக்கு வடக்கே செம்மஞ்சளாக ஒளிர்வதுதான் திருவாதிரை. 2019 கடைசியிலிருந்து 2020 பிப்ரவரி வரை அது மங்கிக்கொண்டே போய், வழக்கமான பிரகாசத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கானது. அது கக்கிய வாயு குளிர்ந்து தூசாகித் திரையிட்டதே காரணம் என்று பிறகு கண்டார்கள். அந்த மாற்றம் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. ஆனால், முன்பு எப்படி இருந்தது என்று அறிந்தவர்களுக்குத்தான் தெரிந்தது.

இப்படித் தொடர்ந்து பார்த்துப் பதிவதில் நமக்கு முன்னோடி உண்டு. நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் நட்சத்திரப் பட்டியலுக்காக இரவுதோறும் அளவெடுத்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற தென்வான மீனின் பிரகாசம் மாறுவதை அவர்தான் கண்டுபிடித்தார். அலுப்பூட்டும் பதிவு வேலையில் கிடைத்த பலன் அது.

நீயும் பதிவு செய். ப்ரோசியான் என்ற நட்சத்திரத்தின் பிரகாச எண் சுமார் 0.4, ரோகிணியின் எண் சுமார் 0.9. எண் கூடினால் ஒளி குறைவு. திருவாதிரை இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று கணித்து, தேதி, நேரத்தோடு எழுது. அடிவானத்தை ஒட்டிய மீன் மங்கித் தெரியும். மூன்றும் நன்றாக மேலேறிய பிறகே ஒப்பிடு. சிவந்த மீனை உற்றுப் பார்த்தால் கண் அதை ஏற்றிக் காட்டும். சட்டென்று பார்த்துக் கண்ணை எடு. ஆருத்ரா தரிசனத்தை ஒட்டி முழுநிலா பக்கத்திலேயே நிற்கும். அந்த இரவுகளின் கணிப்பை நம்பாதே. மழைமேகமோ போகிப் புகையோ மறைத்தால் காலியாக விடு. ஊகித்து நிரப்பிய ஒரு வரி முழு நோட்டையும் கெடுத்துவிடும்.

நடுவில் தெற்கேயும் ஒரு பார்வை போடு. மாதக் கடைசியில் பதினோரு மணிக்கு, அடிவானத்திலிருந்து நீட்டிய கையின் இரண்டரை முஷ்டி உயரத்தில் அகத்தியர் நட்சத்திரம் நிற்கும். லண்டன்காரருக்கு அது உதிப்பதே இல்லை. ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகம் அமைந்ததற்கு, அங்கிருந்து தென்வானம் நிறையத் தெரியும் என்பதும் ஒரு காரணம். வண்டலூரும் ஏறக்குறைய அதே அட்சரேகைதான்.

1911 முதல் இயங்கும் அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கம் வெறுங்கண் கணிப்புகளையும் ஏற்கிறது. அவசரப்படாதே. முந்தைய எண்ணைப் பாராமல் எழுதியும் அடுத்தடுத்த இரவுகளின் எண்கள் ஒத்துவரத் தொடங்கட்டும், பிறகு அனுப்பு. மற்றவர்கள் எழுதியதைப் பார்த்து உன் எண்ணை மட்டும் திருத்திவிடாதே.

அன்புடன்,
அண்ணன்