மீகாமனும் கணக்கப்பிள்ளையும்: கொள்கலத் தொகுதியிலே தரவுத்தள இயக்குநரை நிறுவும் முறை

இவ்விழா மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவருள்ளே கணினித் தொழிலை மேற்கொண்டோர் பலர். உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாகப் பயில்வோரும் உளர். இத்துறை நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளமையால், இதனைத் தமிழில் ஒழுங்குபட விளக்குதல் இயலாதென்று சிலர் கருதுகின்றனர். ஒரு பொருளை உள்ளவாறு உணர்ந்தார்க்கு அதனைச் சொல்லத் தமிழிலே சொற்குறைவு இல்லை என்பது எம் துணிபு. அதனைக் காட்டுதற்பொருட்டு, இக்காலத்துக் கணினிப் பரிபாலனத்திலே நாடோறும் நிகழும் ஒரு கருமத்தை எடுத்து விளக்குவாம்.

தொகுதியும் மீகாமனும்

ஒரு நிரலையும் அஃது இயங்குதற்கு வேண்டிய துணைக் கோப்புகளையும் ஒருங்கே கட்டி, எக்கணினியிலும் ஒரே தன்மைத்தாய் இயங்குமாறு அமைத்த பொதியே கொள்கலம் எனப்படும். 2013 ஆம் ஆண்டிலே டொக்கர் என்னும் கருவி வெளிவந்தபின் இம்முறை எங்கும் பரவிற்று. கொள்கலங்கள் பத்தாயின் ஒருவர் கண்காணிக்கலாம். பல்லாயிரமாயின் அஃது ஆகாது. ஆகவே பல கணினிகளை ஒரு தொகுதியாகப் பிணைத்து, எக்கொள்கலம் எக்கணினியில் இயங்குதல் வேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்கும் மென்பொருள் வேண்டியதாயிற்று. கூகிள் நிறுவனம் 2014 யூன் மாதத்தில் வெளியிட்ட குபெர்னெற்றீசு அத்தகையது. அதன் முதலாம் பதிப்பு 2015 யூலையில் வந்தது. குபெர்னெற்றீசு என்பது கிரேக்கச் சொல். சுக்கான் பிடித்துக் கப்பலை நடத்துவோன் என்பது பொருள். பழந்தமிழ் நூல்கள் அவனை மீகாமன் என்னும். கொள்கலமேற்றிய கப்பலுக்கு மீகாமன் இன்றியமையாதவன் ஆதலின் பெயர் பொருத்தமுடைத்து.

இதன் தொழிற்படு முறை எளிது. "இன்ன நிரல் மூன்று இடத்தில் இயங்குக" என்று வேண்டிய நிலையை நாம் எழுதிக் கொடுக்கின்றோம். அஃது உள்ள நிலையை ஓயாது நோக்குகின்றது. இரண்டும் வேறுபடின், உள்ளதை வேண்டியதற்கு இணங்கத் திருத்துகின்றது. ஒன்று வீழ்ந்தால் மற்றொன்றை எழுப்பும்.

இயக்குநர் வேண்டப்படுவது ஏன்?

ஒரு வகுப்புக்கு ஆசிரியர் வராதபோது வேறோராசிரியரை அனுப்பி அமைதி காக்கலாம். அன்றைக்கு அதனால் பெருங்குறை யாதுமில்லை. ஆனால், கணக்கப்பிள்ளை வராதபோது அவருடைய பேரேட்டை அறியாத ஒருவரை அவ்விடத்தில் இருத்துவதாற் பயனென்ன? பேரேடு எங்கே, கடைசியாக எழுதிய வரி எது, அதனை எழுதும் அதிகாரம் இப்பொழுது யாருக்கு என்னும் மூன்றும் தெளிதல் வேண்டும். இருவர் ஒரே காலத்தில் இரு பேரேடுகளில் எழுதத் தொடங்குவாராயின் கணக்கே பாழாகும்.

இணையப் பக்கத்தைக் காட்டும் நிரல் முன்னைய ஆசிரியரைப் போன்றது. தரவுத்தளம் கணக்கப்பிள்ளையைப் போன்றது. மீகாமன் வீழ்ந்ததை எழுப்ப அறியுமேயன்றிப் பேரேட்டின் நுட்பம் அறியாது. அந்நுட்பம் அறிந்த நிருவாகியின் அறிவை ஒரு நிரலாக எழுதித் தொகுதிக்குள்ளேயே அமர்த்துதல் ஆகாதோ என்று எண்ணிய கோர்ஓஎஸ் என்னும் நிறுவனத்தார், 2016 நவெம்பர் மாதத்தில் அதற்கு வழிகண்டு, ஒப்பரேற்றர் எனப் பெயரிட்டு வெளியிட்டனர். யாம் அதனை இயக்குநர் என்கின்றோம். பெயர் உயர்திணை போற் றோன்றினும் பொருள் அஃறிணையே என்பதை மாணாக்கர் நினைவிற் கொள்க.

நிறுவும் முறை

எடுத்துக்காட்டாகப் போஸ்ற்கிறெஸ் தரவுத்தளத்துக்குரிய கிளவுட்நேற்றிவ்பீஜீ என்னும் இயக்குநரைக் கொள்வாம். போஸ்ற்கிறெஸ், 1986 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்திலே மைக்கேல் ஸ்ரோன்பிறேக்கர் தலைமையில் தொடங்கிய ஆராய்ச்சியின் வழிவந்தது. இவ்வியக்குநர் 2022 இல் யாவரும் எடுத்தாளத்தக்க திறந்த மூலமாக வெளியிடப்பெற்றது.

முதலாவது, நிறுவுமுன் மூன்றை ஆராய்தல் வேண்டும். நமக்குத் தொகுதி முழுவதற்குமான நிருவாக உரிமை உண்டா? தொகுதியின் பதிப்பும் இயக்குநரின் பதிப்பும் தம்முள் இணங்குவனவா? தரவை இருத்துதற்குரிய களஞ்சிய வகை தொகுதியில் வரையறுக்கப்பட்டுள்ளதா? மூன்றாவது இல்லையேல், பின்னர்த் தரவுத்தளம் வட்டுக்காகக் காத்துக் கிடக்குமேயன்றி எழாது.

இரண்டாவது, நிறுவற் பட்டோலையைத் தொகுதிக்கு அளித்தல். அஃது ஒரு கோப்பு. அதனுள்ளே ஐந்து பொருள்கள் அடங்கும். தொகுதி முன்னறியாத "தரவுத்தளக் கூட்டம்" முதலிய புதிய பொருள்வகைகளை அதற்கு அறிவிக்கும் வரையறைகள். இயக்குநர் வாழ்வதற்குரிய தனிப் பெயர்வெளி. இயக்குநர் எவற்றைத் தொடலாம் என்னும் உரிமைகள். நாம் எழுதும் வேண்டுகோளிற் பிழையுளதா என்று வாயிலிலேயே நோக்கும் பரிசோதனைகள். இறுதியாக, இயக்குநர் நிரல். பட்டோலை மிகப் பெரிது. வழமையான முறையில் அளிக்குமிடத்து, அளித்ததன் முழுப்படியும் பொருளின்மேல் ஒரு குறிப்பாக எழுதப்படும். குறிப்புகளுக்கோ 262,144 பைற்று என்னும் எல்லையுண்டு. ஆதலால், ஒப்பிடும் வேலையைச் சேவையகத்திடமே விடும் முறையை மேற்கொள்ளுதல் வேண்டும். இதனை அறியாதார் இவ்விடத்திலே பிழைச்செய்தி கண்டு மயங்குவர்.

மூன்றாவது, இயக்குநர் ஆயத்தமாயிற்றா என்று நோக்குதல். கட்டளை ஏற்கப்பட்டது என்னும் செய்தி வந்தமாத்திரத்தே நிரல் இயங்குகின்றது எனக் கொள்ளற்க. பட்டோலை ஏற்கப்படுதல் ஒன்று. நிரல் எழுந்து நிற்றல் மற்றொன்று.

நான்காவது, வேண்டுகோளை எழுதுதல். சிறியதொரு வேண்டுகோளுக்குப் பெயர், எண்ணிக்கை, களஞ்சிய அளவு என்னும் மூன்றும் போதும். எண்ணிக்கை மூன்று என எழுதின், இயக்குநர் முதலிற் புதிய தரவுத்தளமொன்றை ஆக்கி அதனை முதன்மையாக நிறுத்தும். பின்னர் அதனைப் பார்த்து இரு பிரதிகளை ஆக்கி, முதன்மையில் எழுதப்படுவது உடனுக்குடன் அவற்றுக்கும் செல்லுமாறு இணைக்கும். எழுதவும் படிக்கவும் முதன்மைக்குச் செல்லும் வாயில் ஒன்று. பிரதிகளிற் படிப்பதற்கு மட்டுமாய வாயில் ஒன்று. எதனிலேனும் படிக்கச் செல்லும் வாயில் ஒன்று என மூன்று வாயில்களையும் அமைக்கும். பயன்படும் நிரல்கள் வாயிலின் பெயரை மாத்திரம் அறிந்தாற் போதும். இன்று முதன்மை எது என்பதை அவை அறியவேண்டியதில்லை.

ஐந்தாவது, சோதனை. உண்மைத் தரவை ஏற்றுமுன், முதன்மையை வேண்டுமென்றே நீக்கிப் பார்த்தல் வேண்டும். இயக்குநர் அதனை உணர்ந்து, பிரதிகளுள் மிகவும் முன்னேறி நிற்பதை முதன்மையாக உயர்த்தி, எழுதும் வாயிலை அதன்பாற் றிருப்பும். நீங்கியது மீண்டு வரும்போது பிரதியாகவே வரும். எழுதும் அதிகாரம் ஒருபோதும் இருவர்க்கு இல்லை.

விழிப்பாயிருக்க வேண்டிய இடங்கள்

மூன்று பிரதிகளும் ஒரே கணினியிலே தங்குமாயின், அக்கணினி கெடும்போது மூன்றும் கெடும். அவற்றை வெவ்வேறு கணினிகளில் வைக்க இவ்வியக்குநர் இயன்றவரை முயலும்; இடமில்லையேல் ஒன்றாகவும் வைக்கும். பிரித்தேயாகவேண்டும் என்று விதித்தல் நம் கடன்.

பிரதி வேறு, காப்புப்படி வேறு. ஒருவர் தவறுதலாக ஓர் அட்டவணையை அழித்தால், அவ்வழிவும் உடனுக்குடன் பிரதிகளுக்குச் சென்றுவிடும். ஆகவே தரவின் முழுப்படியையும், அதன்பின் நிகழ்ந்த மாற்றங்களின் பதிவேட்டையும், தொகுதிக்குப் புறம்பான களஞ்சியமொன்றில் இடையறாது சேர்த்தல் வேண்டும். இவ்விரண்டும் இருப்பின், அழிவு நேர்ந்த கணத்துக்குச் சற்று முந்திய நிலையை மீட்கலாம். மீட்கும்போது பழைய கூட்டத்தின்மீது எழுதாது, காப்புப்படியிலிருந்து புதிய கூட்டமொன்றை எழுப்புதலே இவ்வியக்குநரின் முறை. ஒருமுறையேனும் மீட்டுப் பாராத காப்புப்படியைக் காப்பென நம்பற்க.

யாவற்றினும் கொடிய ஆபத்து நீக்குதலில் உளது. இயக்குநர் நிரல் மட்டும் நின்றுபோயின், தரவுத்தளம் தொடர்ந்து இயங்கும்; வீழ்ச்சியைக் கண்டு ஆவன செய்வார் மாத்திரம் இலர். ஆனால், நிறுவிய பட்டோலையையே கொடுத்து "இதனை நீக்குக" என்று கட்டளையிட்டால், பொருள்வகை வரையறைகளும் நீங்கும். வரையறை நீங்கின் அவ்வகைப் பொருள்கள் யாவும் நீங்கும். கூட்டம் நீங்கின், அதற்குரிய வட்டுக் கோரிக்கைகளும் உடன் நீங்கும். களஞ்சிய வகை வட்டைப் பேணுமாறு விதிக்கப்படவில்லையாயின் தரவு அழிந்தொழியும். ஒரு வரிக் கட்டளையின் விளைவு இது.

1981 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறக்குறைய 97,000 நூல்களோடு வேறெங்கும் படியில்லாத ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. நூல்களை மீண்டும் வாங்கலாயிற்று. அச்சுவடிகளை வாங்குதற்கு இடமில்லை. அவ்விழப்பை அறிந்த நமக்கு, ஒரே இடத்தில் ஒரே படியாய் இருப்பது யாதாயினும் அது நிலையில்லாதது என்பதை வேறொருவர் உணர்த்தவேண்டியதில்லை. இன்று பிறப்புப் பதிவும், பரீட்சைப் பெறுபேறும், நோயாளர் குறிப்பும் தரவுத்தளங்களிலே தங்கத் தொடங்கிவிட்டன. அவற்றைக் காக்கும் பணியிலே அமரும் நம் மாணவர், இயக்குநரை நிறுவியதோடு தம் கடன் முடிந்ததெனக் கொள்ளாராக. அது நாம் எழுதியதை மறவாது செய்யும், எழுதாததைச் செய்யாது. எதனை எழுதவேண்டும் என்று அறிதல் மனிதர்க்கே உரியது.

பயிற்சி வினாக்கள்

1. இணையப் பக்க நிரலையும் தரவுத்தளத்தையும் மீகாமன் ஒரே வகையாய்ப் பேணுதல் ஆகாமை ஏன்?
2. மூன்று வாயில்களின் பயனைத் தனித்தனி கூறுக.
3. பிரதிக்கும் காப்புப்படிக்கும் உள்ள வேற்றுமையை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குக.
4. நீங்கள் ஒரு கல்லூரியின் மாணவர் பதிவேட்டுக்குப் பொறுப்பாளராயின், பட்டோலையை நீக்குமுன் எவ்வெவற்றை ஆராய்வீர்கள்? ஒழுங்குபட எழுதுக.