ஆசிரியர் அடையாள ஆய்வில் சொற்களின் பங்களிப்பு வரைபடம்

ஒரு நூலின் ஆசிரியர் இன்னார் எனப் புள்ளியியல் மாதிரி தீர்ப்புக் கூறுமிடத்து, அதனை ஏற்கவோ மறுக்கவோ ஆய்வாளர்க்கு ஒரு பிடி வேண்டும். நிகழ்தகவு எண் மட்டும் அப்பிடியைத் தருவதில்லை. எந்தச் சொல் எவ்வளவு எடையோடு முடிவை ஈர்த்தது என்பது கண்முன் விரிந்தால்தான் மூலபாட ஆய்வு அதனோடு வாதிட இயலும்.

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தை ஆதரித்து 1787-88இல் 'பப்ளியஸ்' என்னும் புனைபெயரில் ஹாமில்டன், மேடிசன், ஜே ஆகிய மூவர் 85 கட்டுரைகள் எழுதினர். அவற்றுள் 12 ஹாமில்டனுடையனவா மேடிசனுடையனவா என்பது நெடுங்காலம் வழக்காயிருந்தது. மோஸ்டெல்லரும் வாலஸும் 1964இல் வெளியிட்ட நூலில், பேசுபொருளுக்கேற்ப மிகுதியும் மாறாத துணைச்சொற்களை எண்ணி, மேடிசனே ஆசிரியர் என்னும் முடிவுக்கு வந்தனர்.

அவற்றுள் வலிமை மிக்கது 'மீது' என்னும் பொருள்தரும் 'அப்பான்'. ஆயிரம் சொற்களுக்கு ஹாமில்டன் இதனை ஏறத்தாழ 3 முறையும், மேடிசன் 0.2 முறையும் ஆள்கின்றனர். 2000 சொற்கள் கொண்ட ஒரு கட்டுரையில் இச்சொல் ஓரிடத்தும் வரவில்லை எனக் கொள்வோம். எளிய பாய்சான் பரவலின்படி ஹாமில்டனிடம் 6 முறையும் மேடிசனிடம் 0.4 முறையும் எதிர்பார்க்கப்படும். இவற்றின் வேறுபாடாகிய 5.6 என்பதே மடக்கை அளவில் இச்சொல்லின் பங்களிப்பு. மேடிசனுக்குச் சார்பாக ஏறத்தாழ 270 மடங்கு. (இப்பரவல் சான்றை மிகைப்படுத்தும் என்பதால் அவ்விருவரும் எதிர்மறை ஈருறுப்புப் பரவலையே பெரிதும் சார்ந்தனர்.)

சொற்கள் ஒன்றையொன்று சாராதன எனக் கொண்டால், மடக்கை அளவில் பங்களிப்புகளைக் கூட்டலாம். எனவே நடுக்கோட்டின் ஒருபுறம் மேடிசனையும் மறுபுறம் ஹாமில்டனையும் நிறுத்தி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பட்டை வரையலாம். பட்டைகளின் கூட்டுத்தொகையே சொற்கள் தரும் தீர்ப்பு. கூட்டல் வடிவில் அமையாத மாதிரிகளுக்கு, விளையாட்டுக் கோட்பாட்டில் ஷாப்லி 1953இல் வகுத்த பங்கீட்டு முறையை லண்ட்பெர்க்கும் லீயும் 2017இல் பொதுமைப்படுத்தினர். ஆயின் இணைந்தே வரும் இரு சொற்களிடையே அம்முறை பங்கைப் பிரிக்கும் விதம், கணிப்பார் கொள்ளும் எடுகோளைப் பொறுத்தது. பட்டை காட்டுவது மாதிரியின் கணக்கையே. புலவர் உள்ளத்தை அன்று.

மேற்கண்ட கட்டுரையில் படியெடுத்தவரோ அச்சுக்கோத்தவரோ 'அப்பான்' என ஒருமுறை சேர்த்திருப்பின் என்னாகும்? 270 மடங்கு 18 ஆகச் சுருங்கும். ஒரே ஒரு பாடவேறுபாடு சான்றின் பெரும்பகுதியைக் கரைத்துவிடுகிறது. வரைபடம் இன்றேல் இவ்வாபத்து எவர் கண்ணுக்கும் புலப்படாது.

தமிழில் இச்சிக்கல் இன்னும் ஆழமானது. ஆங்கிலத் துணைச்சொற்கள் செய்யும் பணியை இங்கு வேற்றுமை உருபுகளும் இடைச்சொற்களும் செய்கின்றன. அவை பெரும்பாலும் சொல்லோடு ஒட்டியே வருவன. எனவே பதிப்பாசிரியர் சந்தி பிரித்த முறையே எண்ணிக்கையை மாற்றிவிடக்கூடும். ஏகாரத்தை எடுத்துக்கொள்வோம். ஆசிரியப்பா பெரும்பாலும் ஏகாரத்தில் முடியும். ஆசிரியப்பாவில் பாடிய புலவரையும் வெண்பாவில் பாடிய புலவரையும் ஒப்பிடும் மாதிரியில் ஏகாரத்தின் பட்டை நீண்டு நின்றால், அது புலவரைக் காட்டவில்லை, யாப்பைக் காட்டுகிறது. ஆகவே ஆசிரியர் அடையாளம் கூறும் தமிழ் ஆய்வு ஒவ்வொன்றும், நீண்ட பட்டைகளுக்குரிய இடங்களின் பாடவேறுபாடுகளையும் யாப்பையும் வரைபடத்துடன் சேர்த்தே வெளியிடுதல் வேண்டும்.